ஒரு பிடி அரிசி எடுக்கும் நேரம்

எங்கள் வீட்டு அடுக்களையில், அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில், ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியில் இருந்த படம் தேய்ந்துபோய் இப்போது வெறும் தகரம்தான் தெரியும். அதற்குப் பிடியரிசி டின் என்று பெயர். எங்கள் சபையைச் சேர்ந்த வீடுகளில் எல்லாம் இப்படி ஒன்று இருக்கும். சிலர் பானை வைத்திருப்பார்கள், சிலர் பிளாஸ்டிக் டப்பா. சோற்றுக்கு அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி திரும்ப எடுக்க வேண்டும். சாக்கிலிருந்து எடுக்கக் கூடாது. நாம் சாப்பிட வைத்ததில்தான் குறைய வேண்டும் என்பது முறை. எடுத்த அரிசியைக் கைக்குள் மூடி, கண்ணையும் மூடி, யாராவது ஒருவரை நினைத்து ஒரு சின்ன ஜெபம். பிறகு டின்னில் போடலாம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சங்கத்தார் எல்லார் அரிசியையும் கோவிலில் ஒன்றாகக் கொட்டி, விடுதிப் பிள்ளைகளுக்கு அனுப்பி வைப்பார்கள்.

நிதானமாகச் செய்தாலும் அரை நிமிடத்துக்கு மேல் ஆகாத வேலை. அந்த அரை நிமிடம்கூட என்னிடம் இல்லை என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன்.

குலசேகரத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் கவுண்ட்டரில் எனக்கு வேலை. ஏழு பத்து பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு ஐம்பதுக்கு. அதனால் ஏழு பத்து பஸ்தான் என் வீட்டை நடத்தியது என்று சொல்லலாம். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல விடியற்காலையிலிருந்து ஓடுவேன். உலையில் அரிசி போட்ட கையோடு தேங்காய் துருவி, துருவிய கையோடு முற்றம் தூத்துப் பெருக்கி, தலை பின்னிக்கொண்டே பஸ் ஏறிய நாட்கள் உண்டு. என்னைப் பார்த்துத் தலைசுற்றுகிறது என்று மகள் சொல்வாள். அவள் சென்னையில் வேலைக்குப் போன பிறகு, என் போனில் தியானம் சொல்லித்தரும் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். 'மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்' என்று ஒரு பெண் குரல் சொல்லும். மெதுவாக இழுக்க யாருக்கு நேரம்? வேகத்தைக் கூட்டும் பட்டனைக் கண்டுபிடித்து, ஒன்றரை மடங்கில் வைத்துப் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். இரண்டாம் நாளே அதை அழித்துவிட்டேன்.

கவுண்ட்டரிலும் நான் அப்படித்தான். எண்ணைச் சொல்லி விளிப்பேன். ஆள் வரவில்லையென்றால் போனால் போகட்டும் என்று இன்னொரு தடவை விளிப்பேன். அதற்கும் வரவில்லையென்றால் அடுத்த எண். விட்டுப்போனவர்கள் கடைசியில்தான் வர வேண்டும். காது கேளாதவர்கள், கால் நடக்காதவர்கள், கழிவறைக்குப் போனவர்கள், எல்லாருக்கும் ஒரே சட்டம். நான் இருந்தால் கூட்டம் தேங்காது என்று பெரிய டாக்டர் ஒருமுறை எல்லார் முன்பும் சொன்னார். அந்த ஒரு வரியை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிடியரிசிக்கும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். மாதம் முழுவதும் டின்னைத் தொட மாட்டேன். கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் சாக்கிலிருந்து நாழி நாழியாக அள்ளி டின்னை நிறைப்பேன். மொத்தமாக ஒரு ஜெபம். ஆண்டவருக்கு அளவு குறையவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் கல்ஃபில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் போனவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவார். மீதி எல்லாம் போன்தான். பழைய நாட்களில் வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு லேண்ட்லைனுக்கு விளிப்பார். கார்டு தீர்ந்து லைன் அறுந்துபோவதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல், கூரையில் ஒழுக்கு, தம்பிக்குப் பெண் பார்த்தது எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும். அவர் பாதி சொன்னதும் மீதியை நான் சொல்லிவிடுவேன். நான் பாதி சொன்னதும் அவர் சரி என்று விடுவார். இப்படியே பேசிப் பழகிய தம்பதிகள் நாங்கள். பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது, எவ்வளவு நேரமும் பேசலாம் என்று ஆனது. நாங்கள் மட்டும் அதே அவசரத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே அறையில் பக்கவாதம் வந்து விழுந்தார். கூட இருந்தவர்கள் வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் மதியத்துக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து, சக்கர நாற்காலியில் வைத்துத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் என்னிடம் ஒப்படைத்தார்கள். வலது கையும் காலும் தளர்ந்துபோயிருந்தன. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. கம்பை ஊன்றி வீட்டுக்குள் நடந்தார். பேச்சுதான் வரவில்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவர் பாடுபடுவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு முட்டும்.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். மகள் வயதுதான். அவரைப் பரிசோதித்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"வார்த்தை எல்லாம் உள்ள இருக்கு அக்கா. வெளிய வர நேரம் எடுக்கும். நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. ஒண்ணு கேட்டா, மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணிட்டு இருங்க. பேசாம விட்டுட்டார்னா உள்ளதும் போயிரும்."

தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து முயற்சியும் செய்தேன். மூன்றுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. அவர் வாயைத் திறந்து நாக்கு தேடும்போதே, தண்ணியா, கஞ்சியா, ஃபேன் போடணுமா, கால் வலிக்கா என்று அடுக்கிவிடுவேன். பெரும்பாலும் நான் சொன்னது சரியாகவே இருந்தது. அவரும் தலையாட்டிவிடுவார். அன்றாட வேலை சீக்கிரம் முடிந்தது. பேச்சு மட்டும் நாளுக்கு நாள் குறைந்தது.

ஒரு வார்த்தை மட்டும் அவரிடமிருந்து அடிக்கடி வரும். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து சாயா போட்டுக் கொடுக்கும்போது, கோப்பையைக் கையில் வாங்காமல் என் முகத்தையே பார்த்து, "அன்னைக்கு..." என்று தொடங்குவார்.

"அன்னைக்கு வச்ச மீன்கறியா? நாளைக்கு வைக்கேன். சாயா ஆறுது, குடியுங்க" என்று நான் எழுந்து போய்விடுவேன்.

எந்த அன்னைக்கு என்று எனக்குத் தெரியும். இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட. அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் அவர் என்னை விளித்தார். கவுண்ட்டரில் நல்ல கூட்டம். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எடுத்தேன். என்னமோ குழறலாகக் கேட்டது. லைன் சரியில்லை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம். நினைக்க நான் நிற்கவே இல்லை. வரிசையில் அடுத்த எண்ணை விளித்துவிட்டு, "ஒண்ணும் கேக்கல, பெறகு விளிக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மத்தியானம் சோறு தின்னப் போகும்போதுதான் ஞாபகம் வந்து விளித்தேன். யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் அவர் அறையில் இருந்தவர்களின் போன் வந்தது.

ஆகவே 'அன்னைக்கு' என்று அவர் தொடங்கும்போதெல்லாம், அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அது வந்துவிடாமல் இருக்கத்தான் மீன்கறியும் சாயாவும். வேலை என்பது எனக்கு ஒளிந்துகொள்ள நல்ல இடமாக இருந்தது. நான் பம்பரமாகச் சுற்றுவதைப் பார்த்து ஊரில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். ஆஸ்பத்திரியையும் பார்த்து, முடியாத ஆளையும் பார்க்கிறாளே என்றார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

இப்படி இருக்கையில், ஒரு மாதக் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து, பிடியரிசியைப் பெரிய அண்டாவில் கொட்டிக்கொண்டிருந்தோம். சங்கத்தின் செயலாளர் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவள். என் டின்னை வாங்கியவள் கொட்டாமல் உள்ளே பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த மற்றொரு டப்பாவைப் பார்த்தாள். அதில் சிவந்த சம்பா அரிசியும், விருந்தாளி வந்த நாளில் வடித்த வெள்ளை அரிசியும், ரேஷன் அரிசியும் கலந்து கிடந்தன. மாதம் முழுக்கப் பிடி பிடியாகப் போட்டால் அப்படித்தான் இருக்கும். என் டின்னில் மேலிருந்து அடிவரைக்கும் ஒரே சம்பா.

"ஏட்டி, ஒனக்க வீட்டுல மாசம் முழுக்க ஒரே அரிசியா?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மாசம் முழுக்க ஒரே சாக்குதான், அதான்" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தி, "சனிக்கிழமை சாயங்காலம் அள்ளினியா மக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அரிசியைக் கொட்டினாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அன்றைக்கு அது யார்மேல் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வீடு வரும்வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலையில், அளந்த அரிசியை ஒரு சட்டியில் போட்டு, டின்னோடு கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அடுக்களையில் ஜன்னல் பக்கம் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. கைக்குப் பயிற்சியாகப் பந்து பிடித்து அழுத்தச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை விளையாட்டு என்று அவர் அதைத் தொடுவதே இல்லை.

"இனி நீங்களே பிடியரிசி எடுங்க. வலது கையால எடுக்கணும். கைக்கும் நல்லது" என்றேன். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்குள் பெருமை வேறு.

இதில் ஒன்றை நான் யோசிக்கவில்லை. அவர் பிடியை எடுத்தால்தான் மீதி அரிசியைக் கழுவி உலையில் போட முடியும். என் காலை முழுவதும் அந்தக் கையில் மாட்டிக்கொண்டது. உலை கொதித்து மூடியைத் தள்ளும். அவர் இடது கையால் வலது கையைத் தூக்கிச் சட்டிக்குள் வைப்பார். விரல்கள் சுருண்டே இருக்கும். அவை ஒவ்வொன்றாக விரிய வேண்டும். விரிந்த பிறகு அரிசிக்குள் இறங்க வேண்டும். பிறகு மூட வேண்டும். மூடியதும் பாதி வழியில் அரிசி சிந்தும். டின்னுக்கு வந்து சேர்வது பத்துப் பருக்கையாக இருக்கும். அவர் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார். திரும்பவும் முதலில் இருந்து. நான் அடுப்புக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் நின்று கொதித்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் நாள் பொறுக்க முடியவில்லை. அவர் விரல்கள் அரிசிக்குள் பாதி இறங்கியிருந்தன. நான் குனிந்து அந்தக் கையை என் கையால் பொத்தி, அழுத்தி மூடி, டின்னுக்கு மேல் கொண்டுபோய் உதறினேன். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். மறுநாள் சட்டியை வைத்தபோது கை மடியிலிருந்து எழவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைப் பார்ப்பார். சாயங்காலம் 'அன்னைக்கு' என்று தொடங்குவதும் நின்றுவிட்டது. நான் இத்தனை நாள் வேண்டியிருந்தது அதுதான். அது கிடைத்ததும் எனக்குப் பயம் வந்தது.

அந்த வாரம் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். போன மாதம் பாதிப் படங்களுக்காவது சொன்னவர், அன்று கோழிக்கும் குடைக்கும் மட்டும் வாயைத் திறந்தார். மீதிக்குத் தலையைத் திருப்பிக்கொண்டார். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

"வீட்டுல அவர் யார்கூட பேசுவார் அக்கா?"

"எங்கூடத்தான். வேற யாரு இருக்கா?"

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு பெண் முன்னால் நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கவுண்ட்டரில் என்னோடு இருக்கும் பெண்ணிடம், காலையில் முதல் அரைமணி நேரம் நீ பார்த்துக்கொள், சாயங்காலம் நான் உனக்குப் பதில் இருக்கிறேன் என்று கேட்டேன். அவள் உடனே சம்மதித்தாள். இத்தனை வருடம் ஏழு பத்து பஸ்ஸில்தான் உலகம் தொங்கிக்கொண்டிருந்தது என்று நினைத்திருந்தேன். ஒரு வார்த்தையில் அது ஏழு ஐம்பதுக்கு மாறிவிட்டது.

அடுத்த நாள் காலை, சட்டியையும் டின்னையும் அவர் முன்னால் வைத்துவிட்டு, அடுப்பை அணைத்தேன். கொதித்த உலையின் சத்தம் மெதுவாக அடங்கியது. முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் அணைந்த அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை மடியிலேயே இருந்தது. நானும் இருந்தேன். ஏழே கால் வரைக்கும் அப்படியே இருந்துவிட்டு, அன்றைக்கு நானே ஒரு பிடி எடுத்தேன். அவரை நினைத்து எடுத்தேன். அவருக்கு முன்னாலேயே அவருக்காகக் கண்ணை மூடியது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் அவர் கை எழுந்தது.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சும்மா இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் சில நாட்கள் உடம்புதான் முக்காலியில் இருந்தது. மனது துணி துவைத்தது, மாவரைத்தது, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது. அவர் சுண்டுவிரல் விரிவதற்குள் நான் மார்த்தாண்டம் போய்ச் சேர்ந்திருப்பேன். என் கை தானாக நீண்டு அவர் கையிடம் போகும். அதைத் தடுக்க நானும் சட்டியிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து மூடி வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். கையில் அரிசி இருந்தால் வேறு எதையும் பிடிக்க முடியாது அல்லவா? சிந்திவிடக் கூடாது என்று அந்தக் கையையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், எத்தனையாவது நாள் என்று தெரியாது, மழை பெய்து விட்டிருந்தது. அவர் விரல்கள் விரிந்துகொண்டிருந்தன. ரப்பர் மரங்களின் இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பக்கத்துக் கொட்டகையில் ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கும் மெஷின் உருளும் சத்தம், அதற்கும் அப்பால் எங்கேயோ ஒரு பஸ்ஸின் ஹாரன். அது ஏழு பத்து பஸ். அது போய்விட்டது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உள்ளங்கையில் அரிசி சூடாகியிருந்தது. எனக்குள் எதுவும் ஓடவில்லை. அந்த அமைதி சந்தோஷமா என்றால் சொல்லத் தெரியவில்லை. பயமாகவும் இருந்தது. ஓட்டம் நின்றால் என்னவெல்லாம் என்னைப் பிடித்துவிடும் என்று அஞ்சினேனோ, அதெல்லாம் அங்கேயே அடுக்களையில் என்னோடு உட்கார்ந்திருந்தது. ஆனாலும் நான் எழுந்து ஓடவில்லை.

வார்த்தைகள் திரும்ப வரத் தொடங்கின. பிடியை டின்னில் போடுவதற்கு முன்னால், கண்ணை மூடி, யாரை நினைக்கிறாரோ அவர் பெயரைச் சொல்லப் பார்ப்பார். ஒருநாள் மகள் பெயர். ஒருநாள், அங்கே அறையில் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய மலையாளிப் பையனின் பெயர். ஒரு பெயர் வர ஏழெட்டு மூச்சு ஆகும். நான் எண்ணுவதையும் விட்டுவிட்டேன்.

ஒரு புதன்கிழமை காலை, அரிசியைக் கைக்குள் மூடினார். கண்ணை மூடவில்லை. என் முகத்தைப் பார்த்து, "அன்னைக்கு..." என்றார்.

என் கால்கள் எழப் பார்த்தன. அடுப்பில் தீ இல்லை. சாயா இல்லை. சொல்வதற்கு மீன்கறியும் கிடைக்கவில்லை. என் கையிலிருந்த அரிசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரட்டும், நான் கேட்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு... நீ... விளிச்ச."

நான் விளிக்கவில்லை, நீங்கள்தான் விளித்தீர்கள், நான்தான் வைத்துவிட்டேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"முப்பத்தி... நாலு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் உதடு அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை அரும்பியது. காத்திருந்தேன்.

"போனு... கட்டிலுக்க அடியில... போச்சு. கை... எட்டல." மூச்சு வாங்கினார். "நீ... முப்பத்தி நாலு... விளிச்ச. கேட்டுது. நான்... முப்பத்தஞ்சு... விளிச்சேன். முப்பத்தாறு..."

"எண்ணினியளா?" என்றேன். அது நான் அறியாமல் வந்துவிட்ட வார்த்தை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"ஒறங்கப்பிடாதுன்னு. எண்ணினது... விட்டுப்போவும். பெறகும்... முப்பத்தி நாலுல இருந்து." ஜன்னலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆளு வந்தப்ப... நூத்திப் பதினொண்ணு."

நல்ல பக்கத்து உதடு மட்டும் கோணலாகச் சிரித்தது.

"ஒனக்கு... அன்னைக்கு... நல்ல கூட்டம்."

இதைச் சொல்லத்தான் அந்த மனிதர் ஒன்றரை வருடமாக என் முகத்தைப் பார்த்து 'அன்னைக்கு' என்று தொடங்கிக்கொண்டிருந்தார். குற்றம் சொல்ல வருகிறார் என்று நான் ஓடிக்கொண்டிருந்தேன். அவரைத் தரையில் போட்டுவிட்டுப் போன என் குரலைப் பிடித்துக்கொண்டு, என் கவுண்ட்டரில் எனக்குப் பதிலாக அவர் ஆட்களை விளித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நான் வாய்விட்டு அழுதேன். நான் உங்கள் போனை வைத்துவிட்டேன், உங்கள் குரல் குழறியதைக் கேட்டும் நிற்கவில்லை என்று முதன்முதலாக அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்கு அது முதலிலேயே தெரியும். எனக்குத்தான் இவ்வளவு நாள் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு அவர் கையை மெதுவாக டின்னுக்குக் கொண்டுபோய் விரல்களை விரித்தார். ஒரு பருக்கையும் வெளியே சிந்தவில்லை. நானும் என் கையைத் திறந்து போட்டேன். உள்ளங்கை முழுவதும் அரிசியின் தடம் குழி குழியாகப் பதிந்திருந்தது.

ஏழு ஐம்பது பஸ்ஸில்தான் போனேன். கண் வீங்கியிருந்ததைப் பார்த்துக் கூட இருக்கும் பெண் என்னவென்று கேட்டாள். தூசி என்றேன். வரிசை நீளமாக இருந்தது. விளித்துக்கொண்டே வந்தேன். முப்பத்தி நாலு என்ற எண் வாயில் வந்தபோது குரல் கொஞ்சம் தடுமாறியது.

யாரும் வரவில்லை. கடைசி வரிசை நாற்காலியில் ஒரு பெரியவர் சீட்டைத் தூக்கிக் காட்டினார். ஒரு காலில் கட்டு. எழுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பழைய நானாக இருந்தால் அவர் நிமிர்வதற்குள் முப்பத்தாறுக்குப் போயிருப்பேன். முன்னால் நின்ற ஒருவர், "அடுத்த ஆள விளியுங்க அக்கா, அவரு வரட்டும்" என்றார்.

"அவரு வந்துக்கிட்டுத்தான இருக்காரு" என்றேன்.

கவுண்ட்டரில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இருந்தேன். அவர் நாற்காலி நாற்காலியாகப் பிடித்து நடந்து வந்தார். கூட்டம் முணுமுணுத்தது. வந்து சேர்ந்ததும், சீட்டை நீட்டியபடி, மூச்சு வாங்க, "நேரம் நல்லா வைகிப் போச்சு மக்களே, ஒங்கள எல்லாம் காக்க வச்சிட்டேன்" என்றார்.

"ஒண்ணும் வைகல" என்று சொல்லி அவர் சீட்டை வாங்கினேன்.